கோணலாக நடந்த யானை

போன வருஷம் ஏப்ரல் மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்னுடைய சொந்தப் பட்டறை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். இதை எழுத உட்காரும்போதே எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வயசு அறுபத்தெட்டு ஆகிவிட்டது, அதனால்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குத் தெரியும், இது கோபம். ஒரு வருஷமாகியும் ஆறாத கோபம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினாறு வயசில் இந்தத் தொழிற்பேட்டைக்கு வந்து லாரியிலிருந்து இரும்புத் தகடு இறக்கினேன். வெல்டிங்கை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் தூரத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். பல நாள் கண்ணில் மணலைக் கொட்டின மாதிரி எரிந்து, பார்வை தெரியாமல் கிடந்திருக்கிறேன். கவரைப்பேட்டை ரோட்டோரத்தில் ஒரே ஒரு வெல்டிங் செட்டை வைத்து கிரில் கேட் அடித்தவன், இன்றைக்கு நாற்பத்து மூன்று பேரை வைத்துக் கெமிக்கல் கம்பெனிகளுக்கு டேங்க் செய்து கொடுக்கிறேன். படித்த இன்ஜினீயர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்று, "நீங்களே சொல்லுங்க சார்" என்று கேட்கிறார்கள். பெருமை அடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்ததைத்தான் சொல்கிறேன்.

செஸ்ஸும் அப்படித்தான் எனக்கு வந்தது. டீக்கடையில் வடை சுற்றிக் கொடுத்த பேப்பரில் கட்டம் போட்ட படம் ஒன்று இருந்தது. கீழே, "வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட்" என்று போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே ராஜா, ராணி, மந்திரி, குதிரை, யானை, சிப்பாய், எது எப்படி நடக்கும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. எண்ணெய்க் கறையோடு அந்தப் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, நான்கு நாள் யோசித்து, ஐந்தாவது நாள் விடையைக் கண்டுபிடித்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. எந்தப் பேப்பரில் புதிர் வந்தாலும் வெட்டி ஒட்டுவேன். பதினோரு நீள நோட்டு நிரம்பியிருக்கிறது. காய்களை நானே லேத்தில் கடைந்தேன். பலகை கால் இஞ்ச் தகடு, கட்டமெல்லாம் பஞ்ச் அடித்தது. தூக்கவே இரண்டு கை வேண்டும்.

ஆட்டம் ஆடுவது வேறு, மேட்டைக் கண்டுபிடிப்பது வேறு. ஆட்டத்தில் எதிராளி தப்புப் பண்ணினால் ஜெயித்துவிடலாம். புதிரில் மேட் அங்கேயே ஒளிந்துகொண்டிருக்கும். ராணியைத் தூக்கிக் கொடுக்கிற தைரியம் வந்தால்தான் வெளியே வரும். எங்கள் பக்கத்தில் இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. எங்கள் பேங்க் மேனேஜர் மூன்று புதிரில் தோற்று, நான்காவதுக்கு உட்காரவே இல்லை.

என் பட்டறையில் சூப்பர்வைசர் வேலைக்கு நான் சர்டிபிகேட் பார்ப்பதில்லை. பலகையில் ஒரு புதிரை வைப்பேன். விடை சொல்கிறவனுக்கு நாற்காலி. சிரிக்காதீர்கள், இதில் காரணம் இருக்கிறது. டேங்க் அடிக்கும்போது எந்த இணைப்பை முதலில் பற்றவைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று முன்னாலேயே தெரியாதவன் வேலை செய்தால், சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும். இரண்டு நகர்வு முன்னால் பார்க்கத் தெரிந்தவன்தான் எனக்கு வேண்டும். இந்தச் சோதனையில் ஒரே ஒரு சட்டம்தான்: காயைத் தொடக் கூடாது, விடையை வாயால் சொல்ல வேண்டும். தொட்டுத் தொட்டு நகர்த்திப் பார்த்து யார் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம். மண்டையில் பார்க்கிறவனுக்குக் கை எதற்கு? இந்தச் சட்டத்தை நானே போட்டேன். அதில் எனக்கு அத்தனை பெருமை.

பழைய சூப்பர்வைசர் வயசாகி நின்றுகொண்டதும், நாற்காலிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தன் என் தங்கை மகன். டிப்ளமோ படித்தவன், என்னிடம் மூன்று வருஷமாக இருக்கிறான். இன்னொருத்தன் வங்காளத்திலிருந்து வந்த வெல்டர். ஆறு வருஷமாக என்னிடம் இருந்தவன். அவன் போட்ட வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்தால் ஒரு புள்ளி குறை இருக்காது. என் கைக்கு அடுத்த கை அவனுடையதுதான், இதை நான் யாருக்கும் சுலபமாகச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்த் தமிழையே பேசுவான், அதுவும் எங்களை விடப் பச்சையாக.

அவன் வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. என்னைப் பார்த்து "தாதா" என்று கூப்பிட்டுவிட்டான். பட்டறையே பயந்துபோனது. எங்கள் பக்கத்தில் தாதா என்றால் ஆள் வைத்து அடிக்கிறவன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் ஊரில் அண்ணனைத் தாதா என்பார்களாம். "அண்ணன்னு தான் சார் சொன்னேன், ரௌடின்னு சொல்லல" என்று அவன் கையெடுத்துக் கும்பிட, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததோடு விட்டுவிட்டேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சூப்பர்வைசருக்குப் பட்டறைக்குப் பின்னால் இரண்டு ரூம் வீடு உண்டு. குழாய், கரண்ட் எல்லாம் தனி. வெல்டருக்கு நாற்காலியை விட அந்த வீடுதான் கண்ணில் இருந்தது. ஊரில் மனைவியும் ஆறு வயசுப் பெண்ணும் இருந்தார்கள். ஐந்து பேர் படுக்கிற ரூமுக்கு அவர்களைக் கூட்டிவர முடியாது. ஒரு நாள் போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினான். அந்தக் குழந்தை சிலேட்டில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்தது. தினமும் போனில் இவன்தான் சொல்லிக்கொடுக்கிறானாம்.

"ஜூன்ல இங்க ஸ்கூல்ல சேக்கணும் சார். வந்தவொடனே முழிக்கக் கூடாது இல்ல? அந்த ஊடு கெடச்சா போதும்."

"பலகைல ஜெயி. சாவி ஒனக்கு" என்றேன்.

அந்த மத்தியானம் நடு ஷெட்டில் மேஜையைப் போட்டு, நோட்டிலிருந்து ஒரு புதிரை எடுத்துப் பலகையில் வைத்தேன். வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட். விடை அழகானது. கறுப்பு ராஜாவுக்கு நேர் எதிரே நிற்கிற சிப்பாயை வெள்ளை ராணி போய் வெட்டி, செக் வைத்து, தன்னையே பலி கொடுக்கும். பக்கத்துச் சிப்பாய் ராணியை வெட்டியே ஆக வேண்டும். வெட்டினால் ராஜாவின் வீட்டுக் கதவு திறந்துகொள்ளும். உடனே மந்திரி பலகையின் ஓரத்துக்குப் போய்க் குறுக்கே பார்க்கும். இன்னொரு மந்திரி எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் ராஜா கத்திரியில் மாட்டின துணி மாதிரி நிற்பான். எனக்கே முதல் தடவை அரை நாள் பிடித்தது.

பட்டறை முழுக்க வட்டமாக நின்றது. சீனியர் என்பதால் வெல்டரை முதலில் கூப்பிட்டேன். ஐந்து நிமிஷம் பார்த்திருப்பான். பிறகு தனக்குள்ளே மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அரை நாள், இவனுக்கு ஐந்து நிமிஷமா?

"சொல்லுடா."

"மந்திரி சிப்பாய வெட்டும் சார். செக்."

நான் பலகையைப் பார்த்தேன். மந்திரியும் அந்தச் சிப்பாயை வெட்டக்கூடிய இடத்தில்தான் இருந்தது. ஆனால் வெட்டினால் செக் விழாது. அது கோணலாகப் பார்க்கிற காய், ராஜா அதன் வழியிலேயே இல்லை.

"மந்திரியா? நல்லாப் பாத்து சொல்லு."

"மந்திரி தான் சார். அத குடுத்துடணும். ராஜாவுக்கு நேரா செக்."

"செக்கே இல்லையேடா! சரி, அப்புறம்?"

"பக்கத்து சிப்பாய் மந்திரிய துண்ணும். வழி தொறந்துக்கும். ஆனை ஓரத்துக்குப் போவும். மேட்."

நேராக மட்டுமே நடக்கிற என் யானை ஓரத்துக்குப் போனால், அங்கே பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற கறுப்பு யானை ஒரே அடியில் வெட்டிப் போட்டுவிடும். சின்னப் பிள்ளைகூட இந்தத் தப்பைப் பண்ணாது. ஆறு வருஷம் என் கீழே வேலை பார்த்தவன் இப்படி உளறுகிறானே என்று எனக்கு ஏறிவிட்டது.

"ஓரத்துல அவன் ஆனை குந்திகினு கீது, கண்ணு தெர்ல?"

"இல்ல சார், நம்ம ஆனை இந்தாண்ட கோணலாப் போய்..."

ஷெட்டே சிரித்தது. நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். "கோணலாப் போவுதாம்டா ஆனை! இன்னாடா, உங்க ஊரு ஆனைக்குக் காலு ஒடஞ்சிப் பூட்ச்சா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. சட்டென்று கையைத் தூக்கிப் பலகைப் பக்கம் நீட்டினான். விரல் காய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டேன்.

"கை வெக்காதே! ரூல்ஸ் தெரியாது?"

ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டது. சிரிப்பு நின்றுபோனது. அவன் தன் கையையே ஒரு தரம் பார்த்தான். "தாதா, ஒரே ஒரு தபா காட்டிடறேன்" என்றான். தமிழ் மறந்து அவன் ஊர் வார்த்தை வந்துவிட்டது. "யாரைடா தாதான்றே? போ அந்தாண்ட" என்று அனுப்பிவிட்டேன்.

அடுத்து என் தங்கை மகன் வந்தான். பலகையை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

"ராணி சிப்பாய வெட்டும் மாமா, செக். பக்கத்து சிப்பாய் ராணிய வெட்டும். மந்திரி ஓரத்துக்குப் போனா மேட்."

எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிப்பிடித்தேன். வெல்டர் தூரத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். என் தங்கை மகன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே வெல்டர் தன் முகமூடியையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் பாதியில் விட்டுப்போன வெல்டிங்கை வேறு ஆள் முடித்து, எக்ஸ்ரேயில் இரண்டு தடவை திரும்பி வந்தது. அதற்கும் அவனைத்தான் திட்டினேன். ரோஷம் பார் இவனுக்கு, போனால் போகட்டும், நூறு பேர் வருவார்கள் என்றேன். தங்கை மகனுக்குக் கும்மிடிப்பூண்டியிலேயே சொந்த வீடு இருக்கிறது. அதனால் பின்னால் இருந்த வீட்டைப் பூட்டி, பழைய மரப்பெட்டிகளை அடுக்கி வைத்தோம்.

ஜூலை மாதம் திருவள்ளூரில் ஒரு ஆபீஸில் எனக்கு வேலை இருந்தது. டிரைவர் லீவு. மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் அங்கிருந்து மாறிக்கொள்ளலாம் என்று ஏறினேன். எதிர் சீட்டில் வடக்கத்திப் பையன்கள் நான்கு பேர், அட்டையில் கட்டம் போட்டுப் பிளாஸ்டிக் காய் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். செஸ் பலகையைப் பார்த்தால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஒருத்தனுக்கு இரண்டு நகர்வில் மேட் இருந்தது, அவன் கண்ணில் படவே இல்லை. எனக்கோ உட்கார முடியவில்லை. அப்போது அவன் பக்கத்தில் இருந்தவன், "மொந்த்ரி! மொந்த்ரி!" என்று கத்திக்கொண்டே ராணியைத் தட்டிக் காட்டினான்.

நான் சிரித்தேன். "டேய், அது ராணிடா. மந்திரி இது" என்று பக்கத்துக் காயைக் காட்டினேன்.

அதில் ஒருத்தனுக்குத் தமிழ் நன்றாக வந்தது. "உங்க ஊர்ல அது ராணி, தாத்தா. எங்க வங்காளத்துல அதான் மந்திரி. ராஜாவுக்குப் பக்கத்துல மந்திரி தானே நிப்பாரு?"

ரயில் மீஞ்சூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. கோணலாக நடக்கிற காயை எடுத்துக் காட்டினேன். "அப்ப இதுக்கு இன்னா பேரு?"

"அதுவா? கொஜ். ஆனை."

"கோணலாப் போற ஆனையா?"

"ஆமா தாத்தா. எங்க ஆனை கோணலாத்தான் போவும். நேராப் போறது படகு."

நான்கு பேரும் சிரித்தார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். மந்திரி சிப்பாயை வெட்டும், செக். மந்திரியைச் சிப்பாய் தின்னும். ஆனை ஓரத்துக்குப் போகும், கோணலாக. ஒவ்வொரு வார்த்தையும் சரி. ஒரு எழுத்து தப்பில்லை. அரை நாள் யோசித்து நான் பார்த்ததை அவன் ஐந்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லியிருக்கிறான். என் காதுக்குத்தான் அது கேட்கவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, திருவள்ளூரை விட்டுவிட்டு, எதிர் ரயிலில் ஏறி நேரே பட்டறைக்கு வந்தேன். தங்கை மகனை ஆபீஸ் ரூமில் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"அவன் மந்திரின்னது நம்ம ராணியாமே. ஒனக்குத் தெரியுமா?"

அவன் சாத்தின கதவை ஒரு தரம் பார்த்தான். பிறகு, "தெரியும் மாமா" என்றான். "மத்தியானத்துல அவரோட தினம் ஆடுவேன், காய்க்கு அவரு சொல்ற பேரையே நானும் சொல்லுவேன். அன்னிக்கி அவர் சொன்னதத்தான் நான் தமிழ்ல மாத்தி சொன்னேன். என்னால அந்தப் புதிர போட்டிருக்கவே முடியாது."

நாற்காலியை எடுத்து அவன் மேல் வீசியிருப்பேன். "ஏன்டா அன்னிக்கே வாயத் தொறக்கல? இன்னொருத்தன் வெடைய திருடி நாற்காலில குந்திகினியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். வெளியில் கிரைண்டர் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அவன் அழுதுகொண்டே சொன்னான்: "எனக்கும் வேல வேணும்னு ஆச இருந்துச்சு மாமா, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க கத்த ஆரம்பிச்சா இந்தப் பட்டறைல யாரு குறுக்கப் பேசுவா? அவரு பேசப் பாத்தாரே, கையத் தட்டி வுட்டீங்க."

பதில் இல்லாதபோது எனக்கு வரும் கோபம் இருக்கிறதே, அது மற்றக் கோபம் மாதிரி இல்லை. அவனைப் பழைய வேலைக்கே அனுப்பினேன். வெல்டர் கவரைப்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருப்பதாக அவனே விலாசம் எழுதிக்கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். அந்தத் தகட்டுப் பலகையையும் காய்களையும் ரெக்ஸின் பையில் போட்டு, நானே தூக்கிக்கொண்டு போனேன். மளிகைக் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை ரூம். ஐந்து பேர். ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார். வெல்டர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன்.

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நான்கு வரி பேசிப் பழகிக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. மன்னிப்புகூட எனக்குச் சத்தமாகத்தான் வந்தது.

"ஏம்பா, 'எங்க ஊர்ல மந்திரின்னா ராணி'ன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தார். சத்தமே இல்லாமல் பேசினார். கோபத்தில் சத்தம் போடாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"உங்க மந்திரி வேறன்னு அப்ப எனக்கு எப்டி சார் தெரியும்? எனக்கு வந்த தமிழ்ல சொன்னேன். நீங்க இல்லன்னீங்க. வாயால சொன்னா புரியலன்னு தான் கையத் தூக்கினேன்."

நான் பலகையைத் தரையில் வைத்தேன். அதே புதிரை அடுக்கினேன். ரூமில் இருந்த நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். அவர் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இப்ப கை வெக்கலாமா சார்?"

என்னை இதுவரை எத்தனையோ பேர் திட்டியிருக்கிறார்கள். ஒரு கான்ட்ராக்டர் சட்டையைப் பிடித்திருக்கிறான். அந்தக் கேள்வி மாதிரி எதுவும் உள்ளே போனதில்லை.

"வையி" என்றேன்.

ராணியை எடுத்துச் சிப்பாயை வெட்டினார். பக்கத்துச் சிப்பாயால் அந்த ராணியை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தார். பிறகு மந்திரியை, அவர் ஊர் யானையை, கோணலாக ஓரத்துக்குத் தள்ளினார். ராஜாவைத் தொடவில்லை. எழுந்து போய்த் துணியைப் பிழிய ஆரம்பித்தார்.

"ஊடு காலியாத்தான் கீது" என்றேன். "நாற்காலியும் காலி. நாளைக்கே வா. பொண்டாட்டி, பொண்ணு எல்லாரையும் கூட்டிக்கினு வா."

"ஸ்கூல் தொறந்துட்டாங்க சார். பொண்ண ஊர்லயே சேத்தாச்சு." பிழிந்த துணியை உதறினார். "அவ போன்ல கேட்டா, கத்துக்கின தமிழ் எழுத்த இன்னா பண்றதுன்னு. மறந்துடுன்னு சொல்லிட்டேன்."

"அடுத்த வருஷம் சேக்கலாமே."

"உங்களாண்ட நெறைய கத்துக்கினேன் சார், அத மறக்க மாட்டேன். ஆனா நீங்க தட்டினத அத்தினி பேரு பாத்தாங்க. அங்க வந்து இன்னொருத்தன எப்டி நான் வேல வாங்குவேன்?"

நான் வந்து கேட்டும் மாட்டேன் என்கிறானே என்று அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பலகையை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டேன். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் உட்கார்ந்து இரண்டு ரயிலை விட்டேன். மூன்றாவது வருவதற்குள் ஒன்று புரிந்தது. ஒரு குழந்தையின் ஒரு வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதுவும் என் சொந்தப் பெருமைக்காக. சோற்றுக்கு லாரி இறக்கின காலத்தில், முதலாளி இங்கிலீஷ் கலந்து சொன்ன பேச்சு புரியாமல் நான் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்? அப்போது நானும் கையைத்தானே காட்டினேன்?

மறுநாள் அதே சாப்பாட்டு நேரத்தில், அதே மேஜைக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தி, நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு விடை சொன்னது வெல்டர்தான், விளங்காதவன் நான்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். பின்னால் இருந்த வீட்டில் மரப்பெட்டிகளை அப்புறப்படுத்தி, வெள்ளை அடித்து, சாவியைத் தங்கை மகன் கையில் கொடுத்துக் கவரைப்பேட்டைக்கு அனுப்பினேன். வெல்டர் சாவியை வாங்கிக்கொண்டாராம். திருப்பியும் அனுப்பவில்லை, வரவும் இல்லை. இதோ இன்னொரு ஜூன் வரப் போகிறது. நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கும் புதிர் வைக்கவில்லை. வைக்கிற நாள் வந்தால், தொட்டுக் காட்டலாம் என்பதுதான் முதல் சட்டம்.

இரண்டு நகர்வில் ஒளிந்திருக்கிற மேட்டைப் பார்க்கிற கண் எனக்கு இருக்கிறது, அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் வாய்ச்சொல் போதாமல் ஒரு மனிதன் கையைத் தூக்கியபோது, அந்தக் கை எந்தக் காயைத் தொடப் போகிறது என்று பார்க்க ஒரு நிமிஷம் எனக்குப் பொறுமை இல்லாமல் போனதே, அந்தக் கோபம் பலகையில் மந்திரியைத் தொடும்போதெல்லாம் என் விரலைச் சுடுகிறது.